லமுயானுக்குப் போகும் ஆறு கம்பளித் தொப்பிகள்

ஸ்காபரோ,
19.02.1997

அன்பு மருமகன் யூட்சன் அறிய, கஸ்பர் மாமா எழுதுவது. ஜன்னலுக்கு வெளியே இடுப்பளவு பனி கிடந்தாலும் மாதாவின் காவலில் நானும் உன் அம்மாவும் மூச்சும் பேச்சுமாக இருக்கிறோம், அங்கே லமுயான் வெயிலும் உப்புக் காற்றும் உன்னை அதிகம் வாட்டாமல் நீயும் சுகத்தோடு இருப்பாய் என்று நம்பி மற்றதை எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் மோனை, எல்லாம் நான் முன்னமே சொன்னபடிதான் நடந்திருக்கிறது. உன் அம்மா சம்மதிப்பாள் என்று சொன்னேன், சம்மதித்துவிட்டாள். தானே பிலிப்பைன்ஸுக்கு வந்து உனக்காக மரிவிக்கின் வீட்டுப் படியேறிப் பெண் கேட்பாள் என்று சொன்னேன், ஏப்ரல் இருபத்தொன்பதாம் திகதிக்கு அஜின்கோர்ட் டிக்கெட் கடையில் பதிவு செய்தாயிற்று. இதையெல்லாம் மாமா எப்போது சொன்னார் என்று நீ யோசிப்பாய். சொன்னேன், நீதான் கவனிக்கவில்லை. இரண்டரை வருஷமாக நீ கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதியும் அசையாத மனுஷியை அசைத்தது உன் மாமனாராக வரப்போகிற மாங் தொமெங்கின் கடிதம்தான். அவர் கடிதம் எழுதினாரா என்று வாயைப் பிளக்காதே. இதைக் கடைசி வரி வரை வாசித்து முடிக்காமல் அந்த மனுஷரிடம் போய் அதைப்பற்றி ஒரு வார்த்தையும் கேட்டுவிடாதே, இது உன்னை ஒன்பது வயதிலிருந்து வளர்த்தவனின் கட்டளை.

இதை நான் வீட்டில் இருந்து எழுதவில்லை, வீட்டில் எழுதினால் யாருக்கு, என்னத்துக்கு என்று அம்மா பக்கத்தில் வந்து குந்துவாள். வேலையிடத்தில் சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். உங்கள் ஊருக்கே ஒரு போன், அதுவும் முனிசிப்பல் கந்தோரில், நான் கூப்பிட்டதும் கோயில் ஒலிபெருக்கியில் உன் பெயரைச் சொல்ல, நீ கடற்கரையில் எஞ்சினை விட்டுவிட்டு எண்ணெய்க் கையோடு ஓடி வருவதற்குள் கந்தோரில் பத்துப் பேர் கூடி நிற்கிறார்கள். அவர்களுக்கு எங்கே தமிழ் தெரியும் என்பாய். அங்கே தெரியாது, இங்கே என் தோளோடு தோள் நின்று காது கொடுப்பவளுக்குத் தெரியுமே. அதனால்தான் இந்தக் காகிதம். நேர்சிங் ஹோமின் சலவைப் பகுதியில் நான்தான் இப்போது தலைமை என்று வைத்துக்கொள், என்னைக் கேட்காமல் ஒரு மெஷின் சுற்றாது. ஒரு நாளைக்கு அறுநூறு படுக்கை விரிப்பு, கிழவர் கிழவிகளின் சப்பாத்துக் காலுறை வேறு, ஒவ்வொன்றிலும் பெயர் பார்த்துச் சோடி சேர்க்க வேண்டும். சில பெயர்கள் திடீரென்று வராமல் போய்விடும், ஒற்றைக் காலுறை மட்டும் கூடையில் கிடக்கும். உள்ளே அடுப்புப் போல வெக்கை, வெளியே பஸ்ஸுக்கு நின்றால் மூக்கு விறைக்கிறது. எனக்கு ஐம்பத்தாறு வயது, இந்த மாரிக்குள் எழுபதாகிவிட்டது. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றினால் கால் பணிஸ் போல ஊதியிருக்கும். ஆனாலும் நான் களைத்தவன் இல்லை, சும்மா சொல்கிறேன்.

இங்கே நடந்தது உனக்கு அரைவாசிதான் தெரியும், மீதியைக் கேள். கனடாவுக்குக் கூட்டிப்போகிறேன் என்ற ஏஜென்சிக்காரன் உன்னை மணிலாவில் விட்டுவிட்டு ஓடி ஏழு வருஷமாகிறது. நீ எஞ்சின் திருத்தத் தெரிந்த கையோடு அந்தச் சின்னக் கடற்கரை ஊரில் போய் ஒதுங்கினாய், அது வரைக்கும் அம்மா தாங்கிக்கொண்டாள். தொண்ணூற்று நாலு சித்திரையில் மரிவிக் என்று ஒரு பிள்ளையை விரும்புகிறேன் என்று எழுதினாய், அதையும் ஒரு மாதம் அழுது தாங்கிக்கொண்டாள், அதுகளும் வேதக்காரச் சனம்தானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பிறகு நீ எழுதினாய் பார், நான் தினமும் விடிய அவர்கள் வீட்டுக்கு நாலு வாளி தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுகிறேன் என்று. அதற்கடுத்த கடிதத்தில் விறகு பிளக்கிறேன் என்றாய். மூன்றாவதில், புயலுக்குப் பிறகு மாங் தொமெங்கின் வீட்டை மேட்டுக்கு மாற்ற ஊரே சேர்ந்து மூங்கிலில் கட்டித் தூக்கிப் போனது, ஒரு மூலையை நான் பிடித்தேன் என்று பெருமையாக எழுதினாய். நீ பெருமைக்கு எழுதினாய், அம்மா கடிதத்தை மேசையில் கவிழ்த்து வைத்தாள். தண்ணி காவினான், விறகு காவினான், இப்ப வீட்டையும் காவுறான், இனி அந்த மனிசனையும் தோளில வைச்சுக் காவுவானோ, நான் பெத்தது பிள்ளையையோ மாட்டையோ என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியாமல் இல்லை, நேரம் பார்த்துச் சொல்லுவோம் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் பிடித்த பிடி இதுதான். பெண் பகுதிதானே முதலில் வர வேண்டும், எங்கள் ஊரில் மாப்பிள்ளை வீட்டு வாசலுக்குப் பெண்ணைப் பெற்றவன் வந்து கேட்பதுதான் முறை, கடல் கடந்து வராவிட்டாலும் ஒரு கடிதமாவது போட வேண்டாமா, என்ர பிள்ளையிட்ட வேலை வாங்கத் தெரிஞ்ச மனிசனுக்கு என்னட்ட ஒரு சுகம் கேக்கத் தெரியேல்லையோ என்றாள். நீயோ அங்கிருந்து, அம்மாவை வரச் சொல்லுங்கோ மாமா, அவர் அம்மாவுக்காகக் காத்திருக்கிறார் என்று எழுதினாய். ஏன் என்று எழுதவில்லை. அது உனக்கு ஊரோடு பழகிப் போய்விட்டது, எங்களுக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டாய். இப்படி அந்தப் பக்கம் ஒருவர் படிக்கு மேலே இருந்து பார்க்க, இந்தப் பக்கம் ஒருத்தி பதினாலாம் மாடியில் இருந்து பார்க்க, நடுவில் நான் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் மிசிசாகாவில் இருந்து வரும் பஸ்ரியன், எயார்போட்டில் பெட்டி ஏற்றுகிறவன், ஆனால் ப்ளேனே தன்னுடையது போலப் பேச்சு, அவனுடைய நக்கல் வேறு.

தெரெசிற்றா என்று என்னோடு வேலை செய்கிற பிலிப்பைன்ஸ் பெண், அவளுடைய ஊரில் இருந்து உங்கள் ஊருக்கு வள்ளத்தில் இரண்டு மணித்தியாலம், அவள்தான் ஒரு நாள் இந்த முடிச்சை அவிழ்த்தாள். அவிழ்த்தாள் என்றால், நான் அறிந்ததையே அவளும் சொன்னாள் என்று வைத்துக்கொள். கார்த்திகை மாதம் உன் கடிதம் வந்த வாரம் அது, மரிவிக்குக்கு ஹொங்கொங்கில் வீட்டு வேலைக்குப் பத்திரம் சரிவந்துவிட்டது, வைகாசிப் பெருநாளுக்குள் எங்கள் பகுதியில் ஒருவரும் வராவிட்டால் ஜூன் முதலாம் திகதி அவள் போய்விடுவாள் என்று நீ எழுதியிருந்தாய். நான் சாப்பாட்டு மேசையில் வைத்து, உங்கட ஆக்கள் சரியான பெருமைக்காரர், என்ர மருமகனை இரண்டு வருஷமாகத் தண்ணி அள்ள வைச்சுப்போட்டு ஒரு எட்டு எங்களிட்டை வராயினம் என்று அவளுக்கு என் இங்கிலீஷில் விளாசினேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு முதலில் சிரித்தாள், பிறகு முகம் கறுத்துவிட்டது. குயா கஸ்பர், குயா என்றால் அவர்களுக்கு அண்ணை, உங்கட ஆக்கள் இன்னும் படியேறேல்லையோ, இரண்டு வருஷமாகவோ, ஐயோ அந்தப் பெட்டை எப்பிடி வெளியில தலை காட்டுறாள் என்று கேட்டாள். உங்கள் பக்கத்தில் விரும்புகிறவன் தண்ணீர் அள்ளி விறகு கொத்தித் தன் குணத்தைக் காட்டுவானாம், அது அடிமை வேலை இல்லையாம், கேட்க உரிமை சம்பாதிக்கிறதாம். அதற்குப் பிறகு பெடியன் பகுதிதான் சாப்பாடு சமைத்துக்கொண்டு போய்ப் தூண்களுக்கு மேல் நிற்கிற பெண் வீட்டின் மூங்கில் படியில் ஏற வேண்டுமாம், பெண்ணின் தகப்பன் இறங்கி வரவே கூடாதாம், இறங்கினால் மகளைத் தள்ளிவிடப் பார்க்கிறான் என்று ஊர் சொல்லுமாம். பெடியன் தண்ணீர் அள்ளி முடித்தும் அவன் ஆட்கள் ஏறாவிட்டால் அந்தப் பிள்ளையை வேண்டாம் என்றுவிட்டார்கள் என்றுதான் அர்த்தமாம். மீன் வாங்கப் போன இடத்தில் சனம் அவளைப் பார்த்துக் கதையை நிறுத்துமாம். நான் உடனே, உது எனக்கு எப்பவோ தெரியும், உனக்குத் தெரியுமோ எண்டு பாத்தனான் என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அன்று பின்னேரம் மடித்த விரிப்புகள் ஒன்றும் நேராக வரவில்லை.

மணியடித்துவிட்டது, மிச்சம் நாளைக்கு.

இன்று வியாழன். வீட்டில் போய் அம்மாவுக்கு முழுவதையும் விளக்கிச் சொன்னேன் என்று நேற்று எழுத வந்தேன். முறை தெரிந்தால் இளகிவிடுவாள் என்று நினைத்தேன், இல்லை. அது அவையின்ர முறை, எங்களுக்கு ஒரு முறை இல்லையோ, சாப்பாடும் சமைச்சுக்கொண்டு ஏணியில ஏறிப் போய்ப் பொம்பிளை கேக்க நான் என்ன பேய்ச்சியோ என்றாள். ஒரு வார்த்தை, அந்தப் பக்கத்தில் இருந்து ஒரே ஒரு வார்த்தை முதலில் வரட்டும், பிறகு நான் மலையென்றாலும் ஏறுகிறேன் என்றாள். அந்த ஞாயிறு பூசை முடிந்து தேத்தண்ணிக்கு நிற்கும்போது பஸ்ரியன் எல்லோருக்கும் கேட்க, என்ன வேரோனிக்கா அக்கா, ஏணி வைச்சு ஏறிப் பொம்பிளை எடுக்கப் போறியளாம், அங்க சனம் என்ன தென்னையிலயோ இருக்கிறது என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் கொஞ்சம் சிரித்துவிட்டேன், அது பிழைதான். அம்மா கையிலிருந்த கோப்பையைத் தொட்டியில் வைத்துவிட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ் தரிப்புக்கு நடந்துவிட்டாள். நான் பின்னால் ஓடினேன், எனக்குக் கால் ஊதியிருந்தது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து நத்தார் முடியும் வரை உன் பெயரை வீட்டில் எடுக்கவில்லை. நான் உன் கடிதங்களை வாசிப்பேன், அவள் கீரையை ஆய்ந்துகொண்டே இருப்பாள். சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிவிட்டது மோனை. இரவல் வாயால் இரண்டு பக்கத்துக்கும் பேசுவது அறுநூறு விரிப்பு மடிப்பதிலும் பாரம்.

அப்படி இருக்கும்போதுதான் மாசி இரண்டாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் மாங் தொமெங்கின் கடிதத்தை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தேன். தெரெசிற்றாவின் மச்சான் ஊருக்குப் போய்த் திரும்பும்போது கையோடு கொண்டுவந்தான் என்று சொன்னேன், அதனால் முத்திரை இல்லை. அவர்களின் பாஷையில் நீல மையால் எழுதிய ஒரு தாள். அம்மாவுக்கு அந்தப் பாஷை தெரியாது, எனக்குத்தான் தெரெசிற்றாவோடு பழகி உங்கள் பாஷை அரைவாசி வந்துவிட்டதே, வரி வரியாக வாசித்துத் தமிழில் சொன்னேன். நீயும் கேள். கனடாவில் இருக்கும் யூட்சனின் தாயாருக்கு, லமுயான் தொமெங் எழுதுவது. உங்கள் மகன் இரண்டு வருஷமாக என் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவருகிறான். அவன் வாளியைத் தூக்கும்போது இவனைப் பெற்றவள் இதைக் கண்டால் என்ன நினைப்பாள் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். வருஷா வருஷம் ஊர்ப் பெருநாளுக்கு உங்களுக்கென்று ஒரு தட்டு வைத்தேன், மூன்று பெருநாளும் அந்தத் தட்டை வெறுமையாகவே கழுவி வைத்தோம். அவனை மகன் என்று கூப்பிட எனக்கு ஆசை, ஆனால் பெற்றவள் வந்து இவன் என் பிள்ளை என்று சொல்லும் முன் நான் எந்த வாயால் சொல்வது. உங்களுக்கு முழங்கால் வருத்தம் என்று அவன் சொன்னான். என் வீட்டுக்கு ஏழு படி, நீங்கள் வந்தால் பிடித்து ஏற என் கையைத் தருவேன். இவ்வளவுதான் கடிதம். அம்மா எழுந்து போய் டிவியை நிறுத்தினாள். திரும்பவும் வாசி என்றாள், வாசித்தேன். மூன்றாம் தரம் அந்தத் தட்டு விஷயத்தை மட்டும் சொல்லு என்றாள். பிறகு தாளை வாங்கி விரலால் தடவிக்கொண்டே போனாள், பாஷை தெரியாவிட்டாலும் இலக்கம் தெரியுமே, உதில மூண்டு எண்டு போட்டிருக்கு, அது அந்தப் பெருநாளோ என்றாள், ஓம் அக்கா என்றேன். இஞ்ச ஆறு எண்டு கிடக்கு, அது என்ன என்றாள். அது அவையின்ர வீட்டில இருக்கிற சின்னப் பிள்ளையள், உங்களைப் பாக்க ஆசையாம் என்றேன். பிறகு, அந்த மனிசன் மூண்டு வருஷம் தட்டு வைச்சிருக்கிறார், நான் ஒரு மூதேவி என்று சொல்லித் தாளை நாலாக மடித்துச் செபப் புத்தகத்துக்குள் வைத்தாள். அது இப்போது அவளுடைய கைப்பைக்குள் இருக்கிறது.

அன்றிலிருந்து வீட்டில் ஓய்வில்லை. கோயில் பெண்களிடம் கம்பளி பின்னப் பழகியிருந்தாள், இப்போது அந்த ஆறு பிள்ளைகளுக்கும் தொப்பி பின்னுகிறாள், உச்சியில் குஞ்சம் வைத்து, காதை மூடுகிற மாதிரி. அங்கே வைகாசி வெயிலில் கல்லும் வெடிக்கும் என்று நான் சொல்லிப் பார்த்தேன், சின்னப் பிள்ளையளுக்குக் காது முக்கியம் என்கிறாள். ஐந்து முடிந்துவிட்டது, ஆறாவது ஊசியில் இருக்கிறது. பயற்றம் பணியாரம் பழுதாகாது என்று அதற்கு மா வறுக்கிறாள், படியேறும்போது வெறுங்கையோடு போகக் கூடாதாம், கார்த்திகையில் பேய்ச்சியோ என்று கேட்டவள். மற்றது கேள், லிஃப்ட் இல்லாமல் கீழே போகாத மனுஷி, இப்போது பின்னேரத்தில் நான் வேலையால் வந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு எங்கள் கட்டடத்துப் படிக்கட்டில் ஏறிப் பழகுகிறாள். ஏழு படி, நிற்பாள், மாதாவைக் கூப்பிடுவாள், திரும்ப ஏழு படி. நான் கைப்பையைப் பிடித்துக்கொண்டு பின்னால். நேற்று மூன்றாம் மாடி வரை போனோம், அவளுக்கு மூச்சு வாங்கியது, எனக்கு அதைவிட வாங்கியது, ஆனால் நான் காட்டவில்லை. மூங்கில் படிக்கு ஒரு கைப்பிடி அடித்து வைக்கச் சொல்லி யூட்சனுக்கு எழுதட்டோ என்று கேட்டேன். வேண்டாம், அந்த மனிசன் கை தாறன் எண்டு எழுதியிருக்கிறார், பிறகு கைப்பிடி அடிச்சால் அவருக்கு என்ன மரியாதை என்றாள்.

நான் கூட வந்தால் எல்லாவற்றையும் ஒரு சொடுக்கில் முடித்திருப்பேன், என் சிட்டிசன் விஷயம்தான் தடை. போன வருஷம் அம்மா முதல் தரமே பாஸ், எனக்கு இரண்டாம் தரமும் திருப்பிவிட்டார்கள். கனடாவில் மாகாணம் எத்தனை என்று கேட்டார்கள், ஒன்பது என்றேன். கியூபெக் எப்படியும் பிரிந்துபோகும் என்று முன்கூட்டியே கழித்துச் சொன்னேன், அந்த அளவுக்கு அவர்களுக்கு யோசனை போகவில்லை. பாஸ்போட் இல்லாதவன் எங்கே பறப்பது. ஆகவே அம்மா தனியாகத்தான் வருகிறாள், கழுத்தில் உன் பெயரும் ஊரும் எழுதிய அட்டை போட்டுவிடுவேன். பஸ்ரியன்தான் எயார்போட்டுக்குக் கொண்டுபோய் விடுகிறான், தென்னை என்று சொன்னதற்கு அது அவனுக்குத் தண்டனை. நீ முதல் நாளே மணிலாவுக்குப் போய் நில். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இருத்து, வள்ளத்தில் நடுவில் இருத்து, அந்த இரண்டு பக்கமும் மூங்கில் கை நீட்டிய வள்ளம் கவிழாது என்று சொல்லிவை. காலையில் கருவாடும் சோறும் கொடுத்தால் உங்கள் ஊரை அவளுக்குப் பிடித்துவிடும். உன் தலைமயிரை ஒழுங்காக வெட்டு. இன்னொன்று, இங்கே கோயிலில் லமுயானைப் பற்றிச் சில விஷயம் சொல்லி வைத்திருக்கிறேன், முனிசிப்பல் கட்டடம் மூன்று மாடி, முன்னால் ஸ்பானியர் காலத்துப் பீரங்கி, மேயர் உன்னைக் கேட்காமல் ஒரு எஞ்சினும் வாங்குவதில்லை என்று. நீ அனுப்பிய படத்தில் தகரக் கூரையும் கொடிக்கம்பமும் ஒரு ஆடும்தான் தெரிகிறது. அம்மா பீரங்கி எங்கே என்று கேட்டால் பெயின்ற் அடிக்கக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று சொல்லு.

இன்று வெள்ளி, மூன்றாவது சாப்பாட்டு நேரம், இனித் தள்ளிப்போட முடியாது. தபசு காலம் வேறு தொடங்கிவிட்டது, பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் சொல்லும் முன் உன்னிடம் சொல்கிறேன். மாங் தொமெங் அந்தக் கடிதத்தை எழுதவில்லை. தெரெசிற்றாவின் மச்சான் ஊருக்குப் போகவும் இல்லை. உங்கள் பக்கத்தில் மீனை வினாகிரி விட்டு எப்படி அவிக்கிறது என்று எழுதித்தா, சமைத்துப் பார்க்கப்போகிறேன் என்று தெரெசிற்றாவிடம் கேட்டேன், அவள் சந்தோஷமாக ஒரு தாளில் எழுதித் தந்தாள், பாவம், மீன் எப்படி வந்தது குயா என்று இன்றைக்கும் கேட்கிறாள். அம்மாவின் செபப் புத்தகத்தில் இருப்பது அதுதான். மூன்று என்று போட்டிருப்பது பச்சை மிளகாய். ஆறு என்று போட்டிருப்பது உள்ளிப் பல்லு. உங்கள் பாஷையில் எனக்குக் குயாவைத் தவிர ஒரு சொல்லும் தெரியாது. அம்மா அந்தத் தாளைக் கொண்டுவந்து உன் மாமனாரின் கையில் கொடுத்து, உங்கட கடிதத்தைக் கண்டுதான் வந்தனான் என்று ஊருக்கு முன்னால் சொல்லப்போகிறாள், நீதான் மொழிபெயர்க்க வேண்டும், அந்த வீட்டில் அவள் ஒருத்தியைத் தவிர எல்லோருக்கும் அதை வாசிக்கத் தெரியும். அவர்கள் சிரித்துவிட்டால் உன் அம்மா படியால் இறங்கிவிடுவாள், பிறகு அவளை ஏற்ற என்னாலும் முடியாது, மரிவிக் ஹொங்கொங் போய்விடுவாள். ஆகவே இந்தக் கடிதம் கிடைத்த அன்றே மாங் தொமெங்கிடம் போ. எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லு, மாமா பொய்க்காரன் என்று சொல்லு, பரவாயில்லை. அந்தத் தாளைக் கண்டால் முகம் மாறாமல் வாங்கிச் சட்டைப் பையில் வைக்கச் சொல்லு. ஆறு பிள்ளைகளைத் தேடிவை, உங்கள் ஊர்ப் படத்தில் எங்கே பார்த்தாலும் பிள்ளைகள்தானே நிற்கிறார்கள், தொப்பியை ஒரு மணித்தியாலம் கழற்றாமல் இருக்கிற ஆறு பேராகப் பார். தட்டு ஒன்றை எடுத்து வைக்கச் சொல்லு.

அவர் இறங்கக் கூடாது என்பது அந்த ஊர் முறை, எனக்குத் தெரியும். ஆனால் அம்மா கீழே நின்று முதலாம் படியில் கால் வைத்துவிட்டு மேலே பார்ப்பாள். அவர் வாசலில் நின்றபடியே குனிந்து ஒரு கையை நீட்டினால் போதும், அது இறங்கினதாகாது, அதை மட்டும் அவரிடம் கெஞ்சிக் கேள். அந்தக் கடிதத்தில் இருந்த மற்ற வார்த்தைகளையும் அவருக்குச் சொல்லிக்காட்டு, ஒருவேளை அவர் மனதிலும் அதுதான் இருக்கும். தண்ணீர் வாளியைப் பார்த்து முகத்தைத் திருப்பியதும், மகன் என்று கூப்பிட வாய் வராமல் நின்றதும் அவர் இல்லை மோனை. உன் கடிதம் ஒவ்வொன்றையும் வாசிக்கும்போது நான்தான் அப்படி இருந்தேன், அதனால் எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை, வாயில் அப்படியே வந்தது. எனக்குப் பதினொரு சம்பந்தம் பேசி வந்தார்கள் என்று உனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன், அதில் ஒருவராவது உண்மையில் வாசலுக்கு வந்திருந்தால் நான் இன்னும் நல்லாக எழுதியிருப்பேன்.

உனக்கும் மரிவிக்குக்கும் என் ஆசீர்வாதம், மாதா உங்கள் இருவரையும் ஒரே கூரைக்குள் சேர்த்து வைக்கட்டும், அந்தக் கூரையை ஊர் எந்த மேட்டுக்குத் தூக்கிப் போனாலும். இதை வாசித்ததும் கிழித்துக் கடலில் போடு. வேலை மணி அடிக்கிறது, ஒற்றைக் காலுறைகள் ஒரு கூடை காத்திருக்கிறது, பின்னேரம் அம்மாவோடு நாலாம் மாடி வரை ஏற வேண்டும்.

என்றும் உன் நன்மையையே நினைக்கும் மாமா,
ம. கஸ்பர்